இருபது வருசம் லேட்டா வந்த ட்ரக்

எங்கட தொழிலில ஒருத்தரும் திகதியைப் பிழையா எழுதுறேல்லை. எல்லாரும் தங்கட வீட்டு வழக்கப்படி சரியாத்தான் எழுதுவினம், கொம்பியூட்டர் தன்ர வீட்டு வழக்கப்படி வாசிக்கும்.

ஏதாவது ஒரு கட்டத்துக்குள்ள பிறந்த திகதி அடிச்சு, "இது திகதி இல்லை" எண்டு சிவப்பெழுத்தில பேச்சு வாங்கின ஆக்கள் எல்லாரும் கிட்ட வாங்கோ. நான் உங்கட கட்சி. ஆனால் நான் இருக்கிறது பேச்சுக் குடுக்கிற பக்கம். வேலைக்குப் பேர் டெஸ்ரர். மற்றவை செய்த சாமானை உடைச்சுப் பாக்கிறது. சின்னனில இதே வேலைக்கு வீட்டில அடி விழுந்தது, இஞ்சை சம்பளம் தருகினம்.

படிப்பெண்டு பெரிசா ஒண்டும் இல்லை. மொன்றியல் துறைமுகத்தில பெட்டி இழுத்த ட்ரக் சாரதி நான். கொன்ரெய்னரை நாங்கள் பெட்டி எண்டுதான் சொல்லுவம். நாரி பிடிச்சு, முதுகு நிமித்த ஏலாமல் ட்ரக்கால இறங்கின நேரம், வில்லரேப் பக்கம் ஒரு லோண்ட்ரிக்கு மேல மாடியில கொம்பனி நடத்துற மனோன் எண்ட அம்மா என்னைக் கூப்பிட்டவ. கிழக்குப் பக்கம் இருக்கிற ஒரு பெட்டி யார்டுக்கு அவ கேற் புரோகிராம் செய்து குடுத்தவ. ட்ரக் வரும், கேற்றில நிக்கிற ஆள் கட்டத்துக்குள்ள அடிப்பார், நேரத்துக்கு வந்தால் பச்சை, லேட் எண்டால் சிவப்பு. மனோன் மூக்கால பாடுற மாதிரிக் கதைப்பா: "ஜெறோம், உமக்கு ட்ரக்காரர் மாதிரிப் பிழை விடத் தெரியும், அதுதான் எனக்கு வேணும்." இதைவிட நல்ல சேர்ட்டிபிக்கட் எனக்கு ஒருத்தரும் தரேல்லை.

இனி செபமாலை அண்ணை. மன்னார் ஆள், மொன்றியல்-நோரில வீடு, சொந்த ட்ரக். செபமாலை உண்மையில அவற்ற தகப்பன்ர பேர். இஞ்சை லைசென்ஸில தகப்பன்ர பேரைக் குடும்பப் பேராப் போட்டு, கடைசியில சேர்ச்சில பாதரும் அவரை அப்பிடித்தான் கூப்பிடுறார். அந்தாள் கேற்றுக்குப் போற நேரமெல்லாம் சிவப்பு. வேற கொஞ்சப் பேருக்கும் விழுந்ததுதான், ஆனால் அண்ணைக்கு விடாமல் விழுந்தது. கனக்கச் சிவப்பு விழுந்தால் யார்டுக்காரர் கேற் கார்டை நிப்பாட்டுவினம். கார்ட் இல்லாட்டித் துறைமுகத்துப் பெட்டி இல்லை. பெட்டி இல்லாட்டி அந்த ட்ரக் வீட்டு வாசலில நிக்கிற பெரிய பூச்சாடிதான். ஞாயிறு பூசை முடிஞ்ச கையோட என்ர சேர்ட்டைப் பிடிச்சார்: "தம்பி, நான் எல்லாருக்கும் முன்னம் போய்க் குளிருக்க நிக்கிறன், உங்கட கொம்பியூட்டர்ப் பெட்டிக்குள்ள இருக்கிற பிசாசு என்னை லேட் எண்டுது."

மார்

பிரெஞ்சில செவ்வாய்க்கிழமைக்கு மார்டி. இஞ்சத்தைப் பிரெஞ்சுச் சனம், எங்கட கெபெக் மாகாணத்துக் கெபெக்காரர், அதை "மார்ட்ஸி" எண்டு பல்லுக்கால காத்து விட்டுச் சொல்லுவினம். மார்ச் மாசத்துக்கு மார்ஸ். ரெண்டையும் சுருக்கினால் "மார்". இது அந்தச் சனத்துக்குப் பிரச்சினை இல்லை, எந்த மார் எண்டு அவைக்குத் தெரியும். எங்கட புரோகிராமுக்குத் தெரியாது.

தரைக்கு ஓடு விக்கிற கடைக்கார மடாம் ஒருத்தி, "மார் பத்து மணி" எண்டு அடிச்சுப்போட்டுக் காத்துக்கொண்டிருந்தவ. செவ்வாய் பத்து மணிக்குப் பெட்டி வரும் எண்டு அவ நினைச்சா. புரோகிராம் அதை மார்ச் பத்தாம் திகதி எண்டு எடுத்திட்டுது. அப்ப இலை கொட்டுற காலம், மார்ச்சுக்கு இன்னும் ஒரு முழு மாரி கிடக்கு.

திகதி வாசிக்கிற பகுதியை எழுதுறது வித்யா, மதுரைப் பிள்ளை. இஞ்சை யூனிவர்சிட்டியில படிச்சிட்டு எங்களோட சேர்ந்தவ. கெட்டிக்காரி. நான் அவ மாதிரிக் கதைச்சுக் காட்டினால் எனக்கு முன்னாலயே என்னை மாதிரிக் கதைச்சுக் காட்டுவா. அவ மாரைத் திருத்தினா. செபமாலை அண்ணையின்ர வருத்தமும் இதுதான் எண்டு நாங்கள் நினைச்சம். இல்லை, அடுத்த நாளும் அந்தாளுக்குச் சிவப்பு. ஓட்டுக்கடை மடாம் மட்டும் திருப்தியாகி, ஆனாலும் சும்மா விடாமல் போன் எடுத்தா: "மெஸ்யோ, மார்ச் வரைக்கும் என்ர வாடிக்கையாளர் எல்லாம் மண்ணில நடக்கட்டும் எண்டுதானே நினைச்சனீங்கள்?"

பெப்ரவரி முப்பது

இது சின்னக் கதை. ஒருநாள் வேலை ஒண்டும் இல்லாமல் பெப்ரவரி முப்பது எண்டு அடிச்சுப் பாத்தன். தூக்கி எறியும் எண்டு நினைச்சன். இல்லை. ஒரு சத்தமும் இல்லாமல் மார்ச் ரெண்டு எண்டு எழுதி வைச்சுது. பெப்ரவரி முப்பத்தொண்டு அடிச்சன், மார்ச் மூண்டு. தப்பு எண்டு ஒரு வார்த்தை இல்லை. சாப்பாட்டுக்கடையில இல்லாத கறியைக் கேட்டால் "ஓம் அண்ணை" எண்டுபோட்டு வேற கறியைக் கொண்டந்து வைக்கிற மாதிரி.

வித்யாவைக் கூப்பிட்டுக் காட்டினன். அவ தோளைக் குலுக்கி, "அது அப்படித்தாண்ணா, மிச்ச நாளை அடுத்த மாசத்துல எண்ணிக்கும்" எண்டவ. பின்னால நிண்ட மனோன் தன்ர பிள்ளையை யாரோ குறை சொன்ன மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு சொன்னவ: "என்ர புரோகிராம் மரியாதையானது, ஜெறோம், அது வாடிக்கையாளருக்கு முகத்துக்கு நேர இல்லை எண்டு சொல்லாது."

படுத்த கோடும் சாஞ்ச கோடும்

பேந்து ஒரு புதுமை. சில கொம்பனிகளின்ர ட்ரக் எல்லாம் ஒரு நாள் முந்தியே வரவேணும் எண்டு புரோகிராம் நிண்டுது. வியாழக்கிழமை எண்டு பதிஞ்சால் புதன் எண்டு காட்டும். அதே திகதியை வேற கொம்பனி அடிச்சால் வியாழன் எண்டே காட்டும். நான் ரெண்டு கொம்பனியும் அடிச்சதைப் பக்கத்தில பக்கத்தில வைச்சு மூக்கு முட்டப் பாத்தன். எழுத்தும் ஒண்டுதான், இலக்கமும் ஒண்டுதான். ஒருத்தர் நடுவில படுத்த கோடு போட்டிருக்கிறார், மற்றவர் சாஞ்ச கோடு போட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

"பிள்ளை, உதென்ன?" எண்டன். வித்யா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. அவ கண்ணாடியைத் துடைச்சால் பெரிய கதை ஒண்டு வருது எண்டு அர்த்தம். "அண்ணா, படுத்த கோடு போட்டா லண்டன் நேரம்னு எடுத்துக்கும். லண்டன்ல வியாழன் பொறக்கறப்போ இங்க இன்னும் புதன் சாயங்காலம். சாய்ஞ்ச கோடு போட்டா நம்ம நேரம்."

"ஒரு கோடு படுத்தால் லண்டன், சாஞ்சால் மொன்றியலோ? நேர நிமித்தி வைச்சால் என்ன, யாழ்ப்பாணமோ?" எண்டு கேட்டன். அவ சிரிக்கேல்லை. களைச்சுப் போனா பாவம். அதையும் திருத்தினா. செபமாலை அண்ணைக்குப் போன் அடிச்சு, "இண்டையோட சரி, போங்கோ" எண்டு நான் பெரிய மனிசன் மாதிரிச் சொன்னன். அந்தாள் போனார், சிவப்பு. அவரிட்டை இருந்து எனக்குப் போன் வரேல்லை. சாஞ்ச கோட்டுக் கொம்பனியில இருந்துதான் வந்துது: "எங்கட எதிராளியின்ர ட்ரக் ஒவ்வொரு நாளும் நேற்றே வந்திடுதாம், அது எப்பிடி எண்டு எங்களுக்கும் சொல்லித் தாங்கோவன்."

வெள்ளி இரவு

செபமாலை அண்ணைக்கு ஒரு தம்பி, றெஜி. அவருக்கும் ட்ரக், அதே யார்ட், அதே கேற், அடிக்கடி அதே சிவப்பு. தமையன் எவ்வளவு இறுக்கமோ தம்பி அவ்வளவு பகிடி. போற வழியில கோப்பி வாங்கிக்கொண்டு போய் கேற்றுக்கார ஜீலுக்குக் குடுப்பார். ஜீல் எண்டது கன காலமா அந்தக் கேற்றுக் கூண்டுக்குள்ள இருக்கிற கெபெக் மனிசன். குரல் கரகரவெண்டு, சரளைக்கல்லு றோட்டில ட்ரக் திரும்பின மாதிரி.

றெஜிக்கு வெள்ளி இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு பெட்டி. எங்களுக்கு வெள்ளி இரவு எண்டால் என்ன? வெள்ளி பொழுதுபட்டு, சாப்பிட்டு, அதுக்குப் பிறகு வாற இரவு. புரோகிராமுக்கு வெள்ளி எண்டது சரியாப் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குது, அப்ப வெள்ளி பன்னிரண்டு எண்டால் வியாழன் ராத்திரி. றெஜி போன நேரம் பெட்டி வேற வரிசைக்குப் போயிட்டுது. விடிய எனக்குப் போன் எடுத்து, தமையனை மாதிரிக் கத்தாமல், உண்மையிலேயே அறிய வேணும் எண்ட ஆசையோட கேட்டவர்: "அண்ணை, வெள்ளி இரவு வெள்ளிப் பகலுக்கு முந்தி வருதெண்டால், வெள்ளி மரக்கறிச் சாப்பாட்டை நாங்கள் இவ்வளவு காலமும் எந்த நாளில சாப்பிட்டனாங்கள்?"

பதின்மூண்டாம் கதவு

யார்டில இருந்து ஜீல் கூப்பிட்டார். ஐஞ்சாம் கதவுக்குப் போற ட்ரக் எல்லாம் சிவப்பாம். ஏழாம் கதவும் சிவப்பாம். பதின்மூண்டாம் கதவுக்குப் போறவை மட்டும் பச்சையாம். சாரதிமார் எல்லாரும் பதின்மூண்டாம் கதவு கேட்டுச் சண்டை பிடிக்கினமாம்.

உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். மனோனுக்குக் கேற்றில ஒரே ஒரு கட்டம் தான் பிடிக்கும். நேரம், கதவு இலக்கம், சாரதியின்ர பேர், எது வேணுமெண்டாலும் அதுக்குள்ளேயே அடிக்கலாம், இது என்ன எண்டு புரோகிராம் தானே கண்டுபிடிக்கும். அது முதல் கேக்கிற கேள்வி, "இது திகதியோ?" திகதி மாதிரி இருந்தால் அதையே அந்த ட்ரக் வர வேண்டிய நாளா எடுத்திடும்.

வித்யா உள்ளுக்குப் பாத்தா. பாத்திட்டு, கதிரையைப் பின்னால தள்ளிப்போட்டு எழும்பி நிண்டா. ஜீல் "கதவு 5" எண்டு அடிச்சிருக்கிறார். கதவு எண்டால் என்ன எண்டு புரோகிராமுக்குத் தெரியேல்லை, அந்தச் சொல்லை விட்டிட்டுது. மிஞ்சினது ஐஞ்சு. ஐஞ்செண்டால் ஐஞ்சாம் மாசம், மே. நாள் இல்லையே, சரி, ஒண்டு. வருசம் இல்லையே, அதுக்குத் தானா ஒரு வருசம் எடுத்துது. ரெண்டாயிரத்தொண்டு! அப்ப ஐஞ்சாம் கதவுக்கு வாற ட்ரக் இருபது வருசத்துக்கு மேல லேட். சாரதியின்ர பேரோட ட்ரக் இலக்கத்தை அடிச்சாலும் இதே கூத்துத்தான். பதின்மூண்டாம் மாசம் எண்டு ஒண்டு இல்லாதபடியால் பதின்மூண்டாம் கதவு தப்பிட்டுது.

செபமாலை அண்ணையின்ர ட்ரக் ஒன்பதாம் இலக்கம், றெஜியின்ர பத்து. ரெண்டு பேரும் ஏன் சிவப்பெண்டு இப்ப விளங்கிச்சுது. நான் துள்ளினன். ஜீல் மட்டும் போனுக்குள்ள கரகரத்தார்: "நான் இவ்வளவு வருசமா இந்தக் கூண்டுக்குள்ள இருக்கிறன், பதின்மூண்டை அதிஷ்ட இலக்கம் எண்டு சொன்ன முதல் மெசின் உங்கடதுதான்."

ஒரு கிழமை

இனித் திருத்துறது எப்பிடி? வித்யா ஒழுங்காச் செய்ய நேரம் வேணும் எண்டா. யார்டுக்காரர் மனோனை நெருக்கினம். செபமாலை அண்ணைக்கு யார்ட் மனேஜர் நேர சொல்லிப்போட்டார், இன்னும் ஒரு சிவப்பு விழுந்தால் கார்ட் இல்லை எண்டு. நான் வித்யாவுக்குச் சொன்னன்: "பிள்ளை, பயப்பிடாதை. மனோனிட்டைப் போய் ஒரு கிழமை கேள், தருவா."

அவ போய்க் கேட்டுக்கொண்டு வந்தா. முகம் செத்துப்போய் வந்து இருந்தா. மனோன் பின்னால வந்து, "பிராவோ! நாளைக்கு முடிஞ்சிடும் எண்டு யார்டுக்குச் சொல்லிட்டன்!" எண்டு கையைத் தட்டினா.

நாளைக்கோ? அப்பதான் பிழை பிடிபட்டுது. எங்கட ஊரில ஒரு கிழமை எண்டால் ஏழு நாள், கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவம். மதுரையில கிழமை எண்டால் திங்கள்கிழமை, செவ்வாய்க்கிழமை, அதில ஒண்டு. ஒரு நாள்! அதைத்தான் அவ மனோனிட்டைக் கேட்டிருக்கிறா. மனிசர் ரெண்டு பேர், தமிழ் ரெண்டு பேருக்கும் தாய்மொழி, எதிர எதிர இருந்து கதைச்சம், கொம்பியூட்டரைப் பழி சொல்லக்கூட வழியில்லை.

ஒரு நாளில செய்யக்கூடியதைத்தான் அவ செய்தா. மாசத்தின்ர பேர் இருந்தால் மட்டும் திகதி எண்டு நம்பு, இல்லாட்டி நம்பாதை. அவ்வளவுதான். "கதவு 5" தப்பிட்டுது. "கந்தசாமி 4" தப்பிட்டுது. விடியப்பறம் கேற் முழுக்கப் பச்சை எண்டு யார்டில இருந்து சொல்லிச்சினம். ஆனால் வித்யா கோபம் ஆறாமல் பையை மாட்டிக்கொண்டு என்ர மேசைக்கு முன்னால வந்து நிண்டு சொன்னா: "அண்ணா, இனிமே எங்கிட்ட தமிழ்ல தேதி சொல்லாதீங்க, எனக்கு கேலண்டர்ல விரலை வச்சுக் காட்டுங்க."

ஒரு தகப்பன், ரெண்டு நிறம்

கேற் முழுக்கப் பச்சை எண்டு சொன்னன் தானே. ஒராளைத் தவிர.

றெஜி வந்தார், பச்சை. பின்னால தமையன் வந்தார், சிவப்பு. மனேஜர் ட்ரக்கடிக்கே வந்திட்டாராம். மனோன் போனில கெஞ்சி, அந்தச் சிவப்பைக் கணக்கில எடுக்காமல் ஒருக்கால் விட வைச்சா. "அடுத்த முறை நான் உங்கட போனை எடுக்க மாட்டன்" எண்டு மனேஜர் போனை வைச்சிட்டார்.

வித்யா உள்ளுக்குப் பாத்தா. செப்டெம்பர் ஒன்பது, ரெண்டாயிரத்தொண்டு எண்டு கிடக்கு. என்ன அடிச்சது எண்டு இல்லை, புரோகிராம் என்னெண்டு விளங்கிக்கொண்டுது எண்டது மட்டும்தான் பதிஞ்சிருக்கு. "யாரோ வேணும்னே செப்டம்பர்னு அடிக்கறாங்கண்ணா" எண்டா. நான் ஜீலைக் கேட்டன். ஜீல் தன்ர தாயின்ர பேரில சத்தியம் பண்ணி, சேர்ச்சில இருக்கிற பூசைச் சாமான் எல்லாத்தின்ர பேரையும் வரிசையாச் சொல்லித் திட்டினார். கெபெக்காரருக்கு அதுதான் தூசணம்.

நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். செபமாலை அண்ணையிட்டை, "ஆரோ செப்டெம்பர் எண்டு அடிக்கினமாம்" எண்டிட்டன். அண்ணைக்கு அது போதும். ஜீலுக்கு ஒவ்வொரு நாளும் கோப்பி குடுக்கிறது ஆர்? றெஜி. தமையன் விழுந்தால் தமையன்ர பெட்டியும் ஆருக்கு? றெஜிக்கு. ஞாயிறு பூசையில ஒரே வாங்கில இருக்கிற ரெண்டு குடும்பம், அந்த ஞாயிறு இந்தக் கரையில ஒண்டு அந்தக் கரையில ஒண்டு. பாதர் சமாதானம் குடுங்கோ எண்ட நேரம் அண்ணை முன்னுக்கு நிண்ட ஹெயிட்டிக்காரருக்குக் கை குடுத்தார், தம்பிக்குக் குடுக்கேல்லை. வெளியில வந்து என்னட்டைச் சொன்னார்: "ஒரு தகப்பன், ஒரு பேர், ஒரு கேற், அவன் பச்சை நான் சிவப்பெண்டால், அது கொம்பியூட்டர் இல்லைத் தம்பி, அது கோப்பி."

பீயும் பீயும்

அடுத்த பெட்டி எடுக்க அண்ணை போற நாள். மனோன் என்னைக் கேற்றுக் கூண்டுக்கு அனுப்பினா, ஜீல் என்ன அடிக்கிறார் எண்டு என்ர கண்ணால பாக்க. வித்யா எங்கட மாடிக் கந்தோரில, போனில. ஜீல் அடிக்கிறதை நான் சொல்லச் சொல்ல அவவும் தன்ர பக்கம் அடிச்சுப் பாக்கிறா.

முதல் றெஜி வந்தார். கோப்பியை நீட்டினார். ஜீல் என்னைப் பாத்துக்கொண்டு, அண்டைக்கு மட்டும் கோப்பியைத் தொடாமல் அடிச்சார். "செபமாலை, பத்து" எண்டன். "எழுத்து எழுத்தாச் சொல்லுங்கண்ணா." "எஸ், ஈ, பீ..." முழுக்கச் சொன்னன். பச்சை. வித்யாவுக்கும் பச்சை.

பின்னால அண்ணை. கண்ணாடிக்குள்ளால எங்களைப் பாக்கிற பார்வையில கூண்டு எரிஞ்சிருக்க வேணும். ஜீல் அடிச்சார். நான் அவற்ற கையைப் பிடிச்சன், "அட்டோன், அட்டோன், பொறும், இன்னும் என்டர் அடியாதையும்!" வித்யாவுக்குச் சொன்னன்: "செபமாலை, ஒன்பது. எஸ், ஈ, பீ..."

"பச்சைதாண்ணா வருது. அடிக்கச் சொல்லுங்க."

ஜீல் விரலைத் தூக்கினார். நான் ஸ்க்ரீனைப் பாத்தன். ஏதோ ஒண்டு முந்திப் பாத்தது மாதிரி இல்லை. "பொறு பிள்ளை. இது மற்ற பீ."

"எந்த பீ?"

"பாரிஸ் பீ."

"முன்னாடி சொன்னது?"

"அது பஸ் பீ."

"அண்ணா, எனக்கு ரெண்டும் ஒரே பீயாத்தான் கேக்குது!"

எப்பிடிச் சொல்லுறது? தமிழில ஒரே ஒரு ப, அதை வைச்சுக்கொண்டு எத்தினை சத்தமும் போடுவம். ஊரில ஒரு கிளாக்கர் தமையனுக்கு ஒரு எழுத்துப் போட்டிருக்கிறார், வேற கிளாக்கர் தம்பிக்கு மற்ற எழுத்துப் போட்டிருக்கிறார், ரெண்டு பேரும் ஒரு நாளும் கவனிக்கேல்லை, நானும் கவனிக்கேல்லை. பின்னால ட்ரக் ஹோர்ன் அடிக்குது. நான் கத்தினன்: "பிள்ளை, றெஜிக்கு வயிறு ரெண்டு உள்ள பீ! அண்ணைக்கு வயிறு ஒண்டு உள்ள பீ!"

போனுக்குள்ளால விசைப்பலகை மூண்டு தட்டுத் தட்டிக் கேட்டுது. பேந்து மெல்லமா, "எஸ்... ஈ... பீ. அண்ணா, அது முதல் மூணு எழுத்தைத்தான் பாக்கும். செப். செப்டம்பர். அவரோட அப்பாவை மாசம்னு நினைச்சிருக்கு. என்டர் அடிக்க வேணாம்! அந்த ஒன்பதை எடுக்கச் சொல்லுங்க!"

"ஜீல்! நோன்! ஒன்பதை அழியும்!" ஜீல் பொலிஸ் பிடிச்ச மாதிரி ரெண்டு கையையும் மேல தூக்கினார், பேந்து ஒரு விரலை மட்டும் இறக்கி ஒன்பதை அழிச்சார். வெறும் பேர். நாள் இல்லாட்டி மாசத்தை வைச்சு அது என்ன செய்யிறது? என்டர். பச்சை.

நான் கூண்டால ஓடிப்போய் ட்ரக் படியில ஏறி நிண்டு எல்லாத்தையும் ஒரே மூச்சில சொன்னன். அண்ணை எஞ்சினை நிப்பாட்டினார். பேந்து கேட்டார்: "அப்ப இவ்வளவு நாளும் நான் சண்டை பிடிச்சது என்ர தம்பியோட இல்லை, என்ர அப்பர்ர பேரோடயோ?"

வேற ஆரார்

கந்தோருக்குத் திரும்பி வர வித்யா வாசலிலேயே நிண்டா. உங்கட ஆக்களின்ர பேர் கொஞ்சம் சொல்லுங்கோ எண்டா, இந்த முறை ஒழுங்கா, அவசரப்படாமல் திருத்தப் போறாவாம். நான் யார்டுக்கு வாற எங்கட பெடியளை நினைச்சு நினைச்சுச் சொன்னன். மயூரன். அவ அடிச்சா, மே. அகஸ்ரின். ஓகஸ்ட். மரியதாஸ். மார்ச். ஜூலியன், கேக்கவே வேண்டாம், ஜூலை. ஜனார்த்தனன், ஜனவரி. ஒவ்வொண்டுக்கும் நான் மெத்ரோவில ஸ்ரேசன் பேர் சொல்லுற பொம்பிளையின்ர குரலில அறிவிச்சுக்கொண்டு போனன், மனோன் தன்ர அறைக்குள்ளால எட்டிப் பாத்து, என்ன ஸ்ரேசன் எண்டு கேட்டவ.

அப்ப இவைக்கு ஏன் சிவப்பு விழேல்லை? சிலர் பெரிய கொம்பனி ட்ரக், அவைக்கு இலக்கம் ஆயிரக் கணக்கில, அப்பிடி ஒரு நாள் எந்த மாசத்திலயும் இல்லை. சிலருக்கு விழுந்திருக்கு, ஆனால் வாயே திறக்கேல்லை, தாங்கள் தான் லேட் எண்டு நினைச்சுப் பேசாமல் இருந்திருக்கினம். அதைக் கேட்க எனக்குச் சிரிப்புக் கொஞ்சம் நிண்டிட்டுது. வித்யா மட்டும் அடிச்சதெல்லாத்தையும் ஒருக்கால் மேல இருந்து கீழ பாத்திட்டுக் கேட்டா: "அண்ணா, உங்க ஊர்ல கொழந்த பொறந்தா கேலண்டரைப் பாத்துத்தான் பேர் வைப்பீங்களா?"

எந்த எழுத்துச் சரி

யார்டுக்காரர் அண்ணையின்ர சிவப்பெல்லாத்தையும் அழிச்சினம். கார்ட் தப்பிட்டுது, ட்ரக் இண்டைக்கும் ஓடுது. மனேஜர் மன்னிப்புக் கேக்கேல்லை, ஆனால் அண்ணையைக் கண்டால் இப்ப "பொன்ஜூர் மெஸ்யோ செப்டோம்ப்ர்" எண்டு சொல்லுறாராம்.

ஞாயிறு பூசை முடிய நிலவறை ஹோலில பாத்தன், அண்ணையும் தம்பியும் ஒரு மேசையில. சமாதானமாப் போச்செண்டு நினைச்சுக் கிட்டப் போனால், ரெண்டு பேரும் லைசென்ஸை வெளியில எடுத்து வைச்சு வாதாடிக்கொண்டு இருக்கினம், அப்பர்ர பேருக்கு எந்த எழுத்துச் சரி எண்டு. மனிசிமார் ரெண்டு பேரும் இவையை விட்டிட்டு ஒரு பக்கமா இருந்து றோல்ஸ் சாப்பிடுகினம். றெஜி சொன்னார், வாயால சொல்லேக்க தன்ர எழுத்துத்தான் சரி, மெசினோட சண்டையும் வராது, அண்ணையும் தன்ர எழுத்துக்கு மாறலாம் எண்டு. லைசென்ஸ் கந்தோருக்குப் போய் ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே. நானும் தலையை ஆட்டினன், டெஸ்ரர் எண்ட முறையில.

அண்ணை லைசென்ஸை எடுத்துத் திரும்பப் பொக்கற்றுக்குள்ள வைச்சு, தம்பியின்ர தோளில கையைப் போட்டு, எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னார்: "மெசின் பழகட்டுமடா, நாங்கள் ரெண்டு பேரும் இந்த நாட்டுக்கு எவ்வளவு பழகினனாங்கள்."

இந்தத் தொழிலில இவ்வளவு நாளா இருந்து நான் படிச்சது ஒண்டே ஒண்டுதான்: கொம்பியூட்டர் தனக்கு விளங்கேல்லை எண்டு வாய் திறந்து சொல்லுற நாளில எனக்கு வேலை போயிடும், அதால நான் அதைப் பற்றி ஒரு பொல்லாப்பும் சொல்லுறேல்லை.